வலியறிதல்: அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவ வரலாற்றில் முதியோரின் தசைவலிமையும் அறுவை விளைவும்

ஆய்வுச் சுருக்கம்

புற்றுநோய்க்கு அறுவை மருத்துவம் வேண்டும் முதியவர் அதனைத் தாங்குவாரா என்னும் வினாவுக்கு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகள் தரப்பட்டுள்ளன. அகவையும் உடல் எடையும் மருத்துவரின் கண்மதிப்பீடும் நெடுங்காலம் அளவுகோல்களாக இருந்தன. கடந்த நாற்பதாண்டுகளில் தசைவலிமை அவ்விடத்தைப் பெற்று வருகிறது. இம்மாற்றத்தை 1954இல் அடையாற்றில் தோன்றிய புற்றுநோய் மருத்துவமனையின் வரலாற்றோடும், சென்னையில் வளர்ந்த முதுமை மருத்துவத்தின் வரலாற்றோடும் இணைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. பிற நிலங்களில் வகுக்கப்பட்ட வலிமை அளவுகள் தமிழக முதியவரை மருத்துவத்திலிருந்து விலக்கும் கருவியாகிவிடக் கூடாது என்பதும், அவரை அறுவைக்கு ஆயத்தப்படுத்தும் தொடக்கமாகவே அவை பயன்பட வேண்டும் என்பதும் இதன் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: புற்றுநோய், அடையாறு, முத்துலட்சுமி ரெட்டி, முதுமை மருத்துவம், தசைத்தேய்வு, கைப்பிடி வலிமை, அறுவை மருத்துவம்.

முன்னுரை

மருத்துவ வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவும் நிறுவனங்களின் வரலாறாகவும் எழுதப்படுகிறது. எந்த நோயாளியை மருத்துவத்துக்கு உரியவராகக் கொண்டனர், எவரை எந்தக் காரணம் கூறி விலக்கினர் என்பதும் அவ்வரலாற்றின் பகுதியே. புற்றுநோய் மருத்துவத்தில் இவ்வினா கூர்மையானது. கட்டியை அகற்றும் அறுவையே பல புற்றுகளில் குணப்படுத்தும் முதன்மை வழி. ஆனால் அவ்வறுவையைத் தாங்கும் ஆற்றல் எல்லா உடல்களுக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. முதியவரிடத்து இவ்வேறுபாடு மிகுதி. எழுபத்தைந்து அகவையினர் இருவருள் ஒருவர் பத்து நாளில் வீடு திரும்புகிறார்; மற்றவர் நுரையீரல் தொற்றுக்கு ஆளாகிப் படுக்கையிலிருந்து எழாமலே போகிறார். இவ்வேறுபாட்டை அகவை விளக்குவதில்லை. அதனை விளக்க முயன்ற அளவுகோல்கள் எவ்வாறு தோன்றின, அவை சென்னைச் சூழலில் என்ன பொருள் பெறுகின்றன என்பன இக்கட்டுரையின் வினாக்கள்.

‘வலி’ என்னும் சொல்லும் அளவறிதலும்

‘வலி’ என்னும் சொல்லுக்கு இன்று நோவு என்பதே முதற்பொருள். பழந்தமிழில் வன்மை, ஆற்றல் என்பன அதன் முதன்மைப் பொருள்கள். திருக்குறளில் ‘வலியறிதல்’ என்னும் அதிகாரம் அரசியல் பகுதியில் அமைந்துள்ளது. மேற்கொள்ளும் செயலின் வலிமை, தன் வலிமை, எதிரியின் வலிமை, இருபாலார்க்கும் துணையாவாரின் வலிமை ஆகிய நான்கையும் சீர்தூக்கிய பின்னரே செயலில் இறங்க வேண்டும் என்பது அவ்வதிகாரம் முன்வைக்கும் கருத்து. போர்க்களத்தை எண்ணிக் கூறப்பட்ட இந்நான்கும் அறுவை அரங்குக்கும் பொருந்துவன. அறுவையின் கடுமை, நோயாளியின் உடல்வன்மை, கட்டியின் பரவல், மருத்துவமனையும் குடும்பமும் தரும் துணை என அவற்றைக் கொள்ளலாம்.

‘மருந்து’ அதிகாரமும் இதனையே மற்றொரு வகையில் கூறுகிறது. நோயின் அளவையும் காலத்தையும் அறிவதோடு நோயுற்றவனின் அளவையும் அறிந்து மருத்துவன் செயற்பட வேண்டும் என்பது அதன் நெறி. நோயுற்றவனின் அளவு என்பதற்கு உரை காணும் பரிமேலழகர், பருவத்தையும் வலியையும் தனித்தனியே எண்ணுகிறார். அகவையும் வன்மையும் ஒன்றல்ல என்னும் தெளிவு அவ்வுரையில் உண்டு. அவ்வதிகாரத்தின் இறுதிக் குறள் நோயாளி, மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து பேணுவோனையும் மருத்துவத்தின் நான்கு உறுப்புகளுள் ஒன்றாகக் கொள்வதும் நோக்கத்தக்கது. பழைய நூல் இன்றைய அறிவியலை முன்னறிந்தது என்று காட்டுவது இங்கு நோக்கமன்று. நோயை அளப்பது வேறு, நோயாளியை அளப்பது வேறு என்னும் பகுப்பு தமிழ் மரபுக்குப் புதிதன்று என்பதே இங்குக் கருதத்தக்கது.

அடையாற்று மருத்துவமனையின் தோற்றம்

புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சட்டமன்ற உறுப்பினராகவும் சமூகச் சீர்திருத்தராகவும் அறியப்படும் அவர், தம் உடன்பிறந்தாளைப் புற்றுநோய்க்கு இழந்தவர். அவ்விழப்பே புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை காண வேண்டும் என்னும் எண்ணத்தை அவருள் விதைத்தது. 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் அவ்வெண்ணத்தை வெளியிட்டார். 1917இல் அடையாற்றில் தோன்றிய இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் 1949இல் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டது. 1952இல் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளோடு மருத்துவமனை செயற்படத் தொடங்கியது.

முத்துலட்சுமியின் மகனாகிய மருத்துவர் சு. கிருஷ்ணமூர்த்தியும், மயிலாப்பூரில் 1927இல் பிறந்து அங்கேயே பள்ளிக்கல்வி பெற்ற மருத்துவர் வி. சாந்தாவும் அந்நிறுவனத்தை வளர்த்தெடுத்தவர்கள். சாந்தா 1955இல் அங்குப் பணியேற்றார். 2021இல் மறையும் வரை அந்நிறுவனத்தோடு இணைந்திருந்தார். 1957இல் கோபால்ட்–60 கதிர்மருத்துவக் கருவி அங்கு நிறுவப்பட்டது. புற்றுநோய் என்றாலே சாவுதான் என்று மக்களும் ஆள்வோரும் ஒருசேர நம்பிய காலம் அது. எனவே, புற்றுநோயாளி மருத்துவத்துக்கு உரியவர் என்பதை நிறுவுவதே அம்மருத்துவமனையின் முதல் பணியாயிற்று. முதிய புற்றுநோயாளியும் உரியவரே என்னும் வாதம் அதற்குப் பின்னரே எழக்கூடும்.

இதற்கு மக்கள்தொகைக் காரணமும் உண்டு. விடுதலையை ஒட்டிய பத்தாண்டில் இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டுகள். இன்று அது எழுபதை ஒட்டி நிற்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழக மக்களுள் 10.4 விழுக்காட்டினர் அறுபது அகவையைக் கடந்தவர்கள். இந்திய அளவில் அது 8.6 விழுக்காடு. அகவையேறப் புற்றுநோய் வாய்ப்பும் ஏறுவதால், அடையாற்று மருத்துவமனை தோன்றிய காலத்தில் சிறுபான்மையராக இருந்த முதிய நோயாளர் பின்னர்ப் பெருகியது இயல்பே.

உண்ணவிடாத நோயும் தேயும் தசையும்

தமிழகப் புற்றுநோய் வரலாற்றில் வாய்ப்புற்றுக்குத் தனியிடம் உண்டு. 1902இல் சென்னை மருத்துவர் நிப்லாக் வெற்றிலை மெல்லும் வழக்கத்தோடு கன்னப்புற்றைத் தொடர்புபடுத்தி எழுதினார். அக்காலத்தில் திருவிதாங்கூரில் இருந்த நெய்யூரில் பணியாற்றிய ஆர் என்னும் மருத்துவர் 1933இல் அத்தொடர்பை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். அடையாற்று மருத்துவமனையின் தொடக்கக் காலத்தில் வாய்ப்புற்றும் கருப்பைவாய்ப் புற்றுமே மிகுதியாகக் காணப்பட்டன. பின்னர்ச் சென்னைப் பதிவேட்டில் ஆண்களிடையே இரைப்பைப் புற்று முன்னிலை பெற்றது.

வாய், உணவுக்குழாய், இரைப்பை ஆகிய மூன்று இடத்துப் புற்றுகளுக்கும் பொதுவான தன்மை ஒன்று உண்டு. அவை நோயாளியை உண்ணவிடுவதில்லை. வலியாலோ அடைப்பாலோ உணவு குறையும்போது உடல் தன் தசையையே கரைத்துப் புரதம் பெறுகிறது. கட்டி தூண்டும் அழற்சி அக்கரைவை விரைவுபடுத்துகிறது. முதுமையில் இயல்பாகவே தேய்ந்துவரும் தசை இவ்விரு சுமைகளையும் சேர்த்துத் தாங்க வேண்டியுள்ளது. ஆகவே, தமிழகத்தில் மிகுந்து காணப்பட்ட புற்றுகளே அறுவைக்கு முன் தசையை அழிப்பதில் முதன்மையானவை.

தசை இழப்பு அறுவை விளைவை எவ்வாறு மாற்றும் என்பதற்கான சான்றுகள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே கிடைக்கத் தொடங்கின. கிளாஸ்கோவில் டேவிட் கத்பர்ட்சன், எலும்பு முறிந்தவர்களின் சிறுநீரில் நைட்ரஜன் மிகுதியாக வெளியேறுவதை 1930இல் பதிவு செய்தார். காயம்பட்ட உடல், காயத்தைச் சரிசெய்யத் தன் தசைப்புரதத்தைச் செலவிடுகிறது என்பது இதனால் புலனாயிற்று. 1936இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஸ்டட்லி என்னும் அறுவை மருத்துவர் இரைப்பைப் புண்ணுக்கு அறுவை செய்துகொண்ட 46 பேரை ஆராய்ந்தார். அறுவைக்கு முன் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்தவர்களுள் மூவரில் ஒருவர் இறந்தனர். அவ்வாறு இழக்காதவர்களுள் இறந்தோர் 3.5 விழுக்காட்டினரே.

இதன் உடலியங்கியல் இன்று தெளிவு. தசை உடலை இயக்குவதோடு புரதச் சேமிப்பாகவும் விளங்குகிறது. புண் ஆறுவதற்கும் நோயெதிர்ப்பு அணுக்கள் பெருகுவதற்கும் வேண்டிய அமினோ அமிலங்கள் அங்கிருந்தே வழங்கப்படுகின்றன. மூச்சுத் தசைகள் தளர்ந்தவர் அறுவைக்குப்பின் வலிமையாக இருமிச் சளியை வெளியேற்ற இயலாது. நுரையீரல் தொற்று அவ்வழியே வருகிறது. கால்தசை தளர்ந்தவர் கட்டிலைவிட்டு எழத் தாமதிக்கிறார். நோயற்ற முதியவர்களையே பத்து நாள் படுக்கையில் இருத்தி 2007இல் வெளியான ஓர் ஆய்வில், அவர்கள் ஏறத்தாழ ஒரு கிலோ கால்தசையை இழந்தது கண்டறியப்பட்டது. நோயும் அறுவையும் சேர்ந்த உடலுக்கு இவ்விழப்பு இன்னும் கடுமையாகும்.

கண்மதிப்பீட்டிலிருந்து கருவிக்கு

அறுவையைத் தாங்கும் ஆற்றலை அளக்கும் முயற்சி முதலில் மருத்துவரின் கண்மதிப்பீட்டை வகைப்படுத்துவதாகவே இருந்தது. 1941இல் அமெரிக்க மயக்க மருத்துவர்கள் நோயாளியின் பொதுநிலையைத் தரங்களாகப் பகுத்தனர். 1949இல் கார்னோவ்ஸ்கியும் பர்ச்சினலும் புற்றுநோயாளியின் செயற்பாட்டு நிலையை நூற்றுக்கு மதிப்பிடும் முறையை வகுத்தனர். இவை பயனுடையன, இன்றும் வழக்கில் உள்ளன. ஆனால் மதிப்பிடுபவரின் கண்ணையும் நோயாளி தம்மைப்பற்றிக் கூறுவதையும் இவை சார்ந்துள்ளன. தளர்வை மறைத்து ‘நன்றாக இருக்கிறேன்’ என்று கூறும் முதியவரும், இளைத்த தோற்றத்தால் வலுவற்றவராகக் கருதப்படும் உழைப்பாளி முதியவரும் இம்முறையில் பிழையாக மதிப்பிடப்பட இடமுண்டு.

வலிமையை நேரடியாக அளக்கும் கருவி இதனினும் பழமையானது. 1798இல் பாரிசில் எட்மே ரெஞ்ஞே வலுமானி ஒன்றை வடிவமைத்தார். மருத்துவத்தில் பெரிதும் பயன்படும் கைப்பிடி வலுமானியைப் பெக்டால் என்னும் அமெரிக்க எலும்பு மருத்துவர் அறிமுகப்படுத்திய கட்டுரை 1954இல் வெளிவந்தது. அடையாற்று மருத்துவமனை திறக்கப்பட்டதும் அவ்வாண்டிலேதான். எனினும் இக்கருவி கைக்காயங்களை ஆராய்வோரிடமே நெடுங்காலம் தங்கிவிட்டது. அறுவைக்கு முன் நோயாளியின் கைப்பிடியை அளந்து பின்விளைவை முன்னுரைக்க முடியும் என்பதை 1980இல் கிளிட்ஜியானும் உடன் ஆய்வாளரும் இங்கிலாந்தில் காட்டினர். பெரிய வயிற்று அறுவைக்கு வந்தோருள் கைப்பிடி தளர்ந்தவர்களிடமே கடும் பின்விளைவுகள் மிகுதியாக நேர்ந்தன. 1988இல் வின்ட்சரும் ஹில்லும் எடை இழப்போடு தசை முதலிய உறுப்புகளின் செயற்குறையும் சேர்ந்திருந்தால்தான் இடர் கூடுகிறது எனத் தெளிவுபடுத்தினர். ஸ்டட்லி எடையில் கண்டதன் உட்பொருள் செயல்வன்மையே என்பது இதனால் விளங்கியது.

அவ்வாண்டிலேயே இர்வின் ரோசன்பர்க் முதுமைத் தசை இழப்புக்கு ‘சார்கோபீனியா’ என்னும் கிரேக்க வேர்ச்சொல் பெயரை முன்மொழிந்தார். தமிழில் இதனைத் தசைத்தேய்வு எனலாம். பெயர் பெற்றதும் அது தனி ஆய்வுப்பொருளாயிற்று. 2008 முதல், புற்றுநோயாளிக்கு எப்படியும் எடுக்கப்படும் வயிற்றுச் சி.டி. படத்திலேயே மூன்றாம் இடுப்பு முள்ளெலும்பு மட்டத்துத் தசைப்பரப்பை அளக்கும் முறை பரவியது. 2010இல் ஐரோப்பிய வல்லுநர் குழு தசையளவின் குறைவை முதன்மையாகக் கொண்டு இலக்கணம் வகுத்தது. 2019இல் வெளிவந்த அதன் திருத்தம் தசையளவைப் பின்தள்ளித் தசைவலிமையை முன்னிறுத்தியது. தசை எவ்வளவு உள்ளது என்பதினும் அது எவ்வளவு வேலை செய்கிறது என்பதே விளைவை நன்கு காட்டுகிறது என்னும் தெளிவு இம்மாற்றத்துக்கு அடிப்படை.

அறுவை மருத்துவத்திலும் தசைபற்றிய பார்வை இதற்கிணையாக மாறியது. 1894இல் ஹால்ஸ்டெட் விளக்கிய மார்பகப்புற்று அறுவையில் மார்புத் தசைகள் முழுதும் அகற்றப்பட்டன. 1979இல் ஆரியன் அதே மார்புத் தசையைத் தோலோடு பெயர்த்து வாய், கழுத்துப் புற்றின் அறுவைக் குழியை மூடும் முறையை வகுத்தார். வாய்ப்புற்று மிகுந்த இந்தியாவில் அது பெரிதும் கையாளப்பட்டது. அகற்றப்படும் பொருளாக இருந்த தசை, ஈடுசெய்யும் பொருளாயிற்று. இன்று நோயாளியின் தாங்குதிறனைக் காட்டும் அளவாகவும் ஆகியுள்ளது.

சென்னையில் முதுமை மருத்துவம்

தசைவலிமை சென்னையில் மருத்துவ வினாவாவதற்கு முதுமை மருத்துவத்தின் வளர்ச்சி வேண்டியிருந்தது. 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் மருத்துவர் வ. செ. நடராசன் முதியோருக்கென வெளிநோயாளர் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் இத்துறையின் முன்னோடி முயற்சி இது. 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதுமை மருத்துவத்தில் பட்டமேற்படிப்பும் தொடங்கப்பட்டது. நடராசன் தமிழில் முதியோர் நலம் குறித்துத் தொடர்ந்து எழுதியதால் இத்துறையின் கருத்துகள் பொதுமக்களையும் எட்டின. 2024இல் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனையின் சர்தார் பட்டேல் சாலை வளாகத்திலிருந்து அது சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது.

இவ்விரு துறைகளும் ஒரே நகரில் வளர்ந்தபோதும் அவற்றின் ஆவணங்கள் வெவ்வேறு பொருள்களைப் பேசின. 1981இல் அடையாற்றில் தொடங்கப்பட்ட சென்னைப் பெருநகரப் புற்றுநோய்ப் பதிவேடு, நோயாளியின் அகவை, பால், கட்டியின் இடம், அதன் திசுவகை, உயிர்நிலை முதலியவற்றைத் தொடர்ந்து திரட்டியது. இந்தியப் புற்றுநோய் அறிவின் அடித்தளங்களுள் ஒன்று அப்பதிவேடு. மக்கள்தொகைப் பதிவேடு எதனினும் போலவே அதில் உடல்வன்மைக்கு இடமில்லை. கைப்பிடி அளவு அத்தகைய பதிவேட்டின் பணியும் அன்று. இதன் விளைவாக, முதுமையைக் குறிக்கும் ஆவணச் சான்றாக அகவை ஒன்றே எஞ்சியது. எழுபதுக்கு மேற்பட்டோருள் எத்தனை பேருக்கு நோய் என்பதைப் பதிவேட்டிலிருந்து அறியலாம். அவர்களுள் எத்தனை பேர் அறுவையைத் தாங்கும் வலுவோடிருந்தனர் என்பதை அறிய இயலாது. வரலாற்றாய்வாளர் இவ்வேறுபாட்டை மனங்கொள்ள வேண்டும். ஆவணத்தில் உள்ள அகவையே மருத்துவ முடிவின் காரணமாகவும் காலப்போக்கில் கருதப்பட்டுவிடும்.

புற்றுநோய் மருத்துவத்தையும் முதுமை மருத்துவத்தையும் இணைக்கும் முயற்சிகள் உலக அளவில் 2000ஐ ஒட்டி நிறுவன வடிவம் பெற்றன. இந்தியாவில் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 2018இல் முதியோர் புற்றுநோய்ப் பிரிவு தொடங்கப்பட்டது. நடை, சமநிலை, ஊட்டம், மனநிலை, நினைவாற்றல், குடும்பத் துணை ஆகியவற்றைச் சேர்த்து மதிப்பிட்டு மருத்துவத்தை முடிவு செய்வது இப்பிரிவுகளின் முறை.

அளவுகோலின் நிலம்

தசைவலிமையை அளப்பது எளிது. வலுமானியை இறுகப் பிடிக்கச் செய்தல், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் ஐந்துமுறை எழுந்து அமரச் செய்தல், சில மீட்டர் நடக்கச் செய்தல் ஆகியவை போதும். கிடைக்கும் எண்ணை எதனோடு ஒப்பிடுவது என்பதே இடர். 2019இன் ஐரோப்பிய வரையறை ஆணுக்கு 27 கிலோவுக்கும் பெண்ணுக்கு 16 கிலோவுக்கும் குறைந்த கைப்பிடியை வலுக்குறை என்கிறது. அதே ஆண்டின் ஆசிய வரையறை ஆணுக்கு 28, பெண்ணுக்கு 18 எனக் கொள்கிறது. ஆசிய வரையறை என்னும் பெயர் பெற்றிருந்தாலும் அது பெரும்பாலும் கிழக்காசிய, தென்கிழக்காசிய நாடுகளின் தரவுகளைச் சார்ந்தது.

இந்தியாவையும் உள்ளடக்கிய பன்னாட்டு ஆய்வு ஒன்று, நலமாக உள்ளோரின் கைப்பிடி வலிமையை 21 நாடுகளில் அளந்து 2016இல் வெளியிட்டது. தெற்காசியரின் சராசரி வலிமை ஐரோப்பியரினும் கிழக்காசியரினும் குறைவு என அது காட்டியது. உடலமைப்பு, இளமை ஊட்டம், பிறப்பு எடை எனப் பல காரணங்கள் இதில் கலந்துள்ளன. மெலிந்த தோற்றத்திலும் கொழுப்பு மிகுந்து தசை குறைந்திருக்கும் இந்திய உடலமைப்பைப் புனே ஆய்வாளர்கள் நெடுங்காலமாக விளக்கி வந்துள்ளனர். இந்நிலையில் பிற நாட்டு வரம்பை அப்படியே ஏற்றால், தன் அகவையினரோடு ஒப்பிட இயல்பான வலிமையுடைய தமிழக முதியவரும் வலுக்குறைந்தவர் ஆகிவிடுவார். மறுபுறம், இங்கு எல்லோரும் இப்படித்தான் என வரம்பைத் தாழ்த்தினால், வறுமையும் ஊட்டக்குறைவும் விளைவித்த தளர்வை இயல்பு என்று ஏற்பதாகும். இவ்விரண்டுமே பிழை. 2017–18இல் நடந்த இந்திய முதுமை நெடுக்காய்வு நாடு முழுவதும் கைப்பிடி வலிமையை அளந்துள்ளது. தெற்காசியாவுக்கெனத் தனி வழிகாட்டுதல் வகுக்கும் முயற்சியும் 2022இல் வெளிவந்தது. ஆனால் மக்கள்தொகையின் சராசரி ஒன்று, அறுவை விளைவை முன்னுரைக்கும் வரம்பு மற்றொன்று. பின்னது அறுவை செய்யப்பட்ட நோயாளரைத் தொடர்ந்து நோக்கியே பெறத்தக்கது.

நாற்காலியிலிருந்து எழும் சோதனையிலும் நிலத்தின் வேறுபாடு உண்டு. பாயில் அமர்ந்து உண்டு, தரையிலிருந்து கையூன்றி எழும் வழக்கமுடைய முதியவளின் கால்வன்மையை அவள் அன்றாடம் செய்யும் அச்செயலே காட்டும். ‘தரையிலிருந்து துணையின்றி எழுகிறீர்களா? எப்போதிலிருந்து இயலவில்லை?’ என்னும் இரு கேள்விகள் கருவி இல்லாத இடத்திலும் கேட்கத்தக்கவை. கருவி தரும் எண்ணுக்கு இவை மாற்று அல்ல. அவ்வெண்ணுக்குப் பொருள் காண உதவுபவை.

விலக்கலும் ஆயத்தமும்

முதிய நோயாளிக்கு அறுவை வேண்டாம் என்னும் முடிவு மருத்துவரிடம் மட்டும் பிறப்பதில்லை. ‘இந்த வயதில் கத்தி வைக்க வேண்டுமா’ என்னும் கேள்வியைப் பெரும்பாலும் பிள்ளைகளே முதலில் எழுப்புகின்றனர். அக்கேள்வியில் அன்பு உண்டு. அச்சமும் செலவும் உண்டு. அகவையே காரணமாகச் சொல்லப்படும்போது அவ்வுரையாடல் அத்துடன் முடிந்துவிடுகிறது, ஏனெனில் அகவையை யாரும் மாற்ற இயலாது. தசைவலிமை காரணமாகக் கூறப்படும்போது உரையாடல் தொடர இடமுண்டு. வலிமை ஓரளவு மாற்றத்தக்கது.

அறுவைக்கு முந்தைய வாரங்களில் உடற்பயிற்சி, புரதம் மிகுந்த உணவு, மனத்துணை, புகை நிறுத்தல் ஆகியவற்றால் நோயாளியை ஆயத்தப்படுத்தும் முறை இதனை அடிப்படையாகக் கொண்டது. பெருங்குடல் புற்றுடைய 251 பேரிடம் பல நாடுகளில் நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஆய்வில், நான்கு வார ஆயத்தம் பெற்றோருள் 17.1 விழுக்காட்டினருக்குக் கடும் பின்விளைவுகள் நேர்ந்தன. பெறாதோருள் அது 29.7 விழுக்காடு. எனினும் 2020இல் கனடாவிலிருந்து வெளியான மற்றோர் ஆய்வு, தளர்ந்த முதியோர் 110 பேரிடம் இத்தகைய ஆயத்தத்தால் முப்பது நாள் பின்விளைவுகள் குறையவில்லை எனக் காட்டியது. இரண்டையும் சேர்த்து நோக்கினால், ஆயத்தம் எல்லோருக்கும் ஒரே பயன் தருவதில்லை என்பதும், மிகவும் தளர்ந்தபின் நான்கு வாரம் போதாமற்போகலாம் என்பதும் எண்ணத்தக்கன. தளர்வை முன்னரே கண்டறிவதன் தேவையை இம்முரண் வலியுறுத்துகிறது.

இவ்விடத்தில் அடையாற்று வரலாறு ஒரு வழி காட்டுகிறது. கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் முற்றிய வாய்ப்புற்றிலும் மார்பகப்புற்றிலும் முதலில் கதிரும் மருந்தும் தந்து பின்னர் அறுவை செய்யும் கூட்டு மருத்துவத்தை வளர்த்தனர். அறுவைக்கு முந்தைய வாரங்களை நோயைச் சுருக்கும் காலமாக அம்முறை ஆக்கியது. அதே வாரங்கள் நோயாளியின் தசை மேலும் கரையும் காலமாகவும் ஆகலாம். அதனைப் பேணும் காலமாகவும் ஆகலாம். கட்டியின் அளவு குறைவதை அளப்பதோடு நோயாளியின் கைப்பிடி வலிமை ஏறுகிறதா இறங்குகிறதா என்பதையும் அளந்தால், அவ்வாரங்கள் எவ்வாறு கழிந்தன என்பது தெரியவரும்.

இங்கு உணவுப் பழக்கமும் கருதத்தக்கது. நோயுற்றவருக்குக் கஞ்சியும் இட்லியும் ரசம் சாதமும் தருவது நம் இல்லங்களின் வழக்கம். செரிமானத்தை எண்ணி வகுத்த பத்தியம் அது. புற்றுநோயாளிக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல், இயன்றால் ஒன்றரைக் கிராம் வரை, புரதம் வேண்டும் என்பது இன்றைய வழிகாட்டுதல். ஐம்பது கிலோ எடையுள்ள முதியவளுக்குக் கஞ்சியால் மட்டும் இதனை நிறைவு செய்ய இயலாது. பயறு, பால், தயிர், முட்டை, மீன் எனக் குடும்ப வழக்கத்துக்கு ஏற்பப் பத்தியத்தை விரிவாக்குவது பெருஞ்செலவில்லாத செயல். சிறுநீரகக் குறைபாடு முதலியன உடையோருக்கு மருத்துவர் அளவை வரையறுக்க வேண்டும். மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவிலும் தியாகராய நகர் நடேசன் பூங்காவிலும் நடைபயிலும் முதியோர் தமக்கென அமைத்துக்கொண்ட பயிற்சியும் இவ்வகையில் ஒரு சேமிப்பே. வெளியூரிலிருந்து வந்து மருத்துவமனையின் அருகே வாடகை அறையில் காத்திருக்கும் நோயாளிக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஆயத்த மருத்துவம் நகரத்து நடுத்தர வகுப்பினரின் உரிமையாக மட்டும் சுருங்கிவிடாமல் காப்பது மருத்துவமனைகளின் கடமை. அதற்கு இயன்மருத்துவர் ஒருவரும் உணவியலாளர் ஒருவரும் சிறிய கூடமும் போதும்.

முடிவுரை

முதிய புற்றுநோயாளியை அளக்கும் முறைகள் அகவையிலிருந்து எடைக்கும், எடையிலிருந்து தசையளவுக்கும், தசையளவிலிருந்து தசைவலிமைக்கும் நகர்ந்துள்ளன. ஒவ்வொரு நகர்வும் நோயாளியின் உடல் செய்யவல்லது எது என்னும் வினாவை நெருங்கி வந்துள்ளது. அடையாற்றில் 1954இல் தொடங்கிய முயற்சி, மீட்பில்லை என்று கைவிடப்பட்டோரை மருத்துவத்துக்கு உரியோராக்கியது. அதே அளவுகோல், கைவிடுவதற்கான புதிய காரணமாகவும் பயன்படலாம். ‘வயதாகிவிட்டது’ என்று சொன்ன இடத்தில் ‘கைப்பிடி 28ஐ எட்டவில்லை’ என்று சொல்வதால் நோயாளிக்கு எந்த நன்மையும் விளைவதில்லை.

ஆகவே மூன்று பணிகள் முன்னிற்கின்றன. முதலாவது, அறுவைக்கு வரும் முதியோரின் கைப்பிடி, எழுதிறன், நடை ஆகியவற்றைத் தமிழக மருத்துவமனைகள் தொடர்ந்து பதிவு செய்து, விளைவுகளோடு ஒப்பிட்டு, இந்நிலத்துக்குரிய வரம்புகளைக் காண வேண்டும். இரண்டாவது, வலுக்குறை காணப்பட்ட நோயாளிக்கு ஆயத்த மருத்துவம் உடன் கிடைக்க வேண்டும். மூன்றாவது, அறுவை வேண்டுமா என்னும் முடிவில் முதியவரின் சொல்லுக்கே முதலிடம் தர வேண்டும். பேணுவோரின் துணைவலிமையும் அம்முடிவில் எண்ணப்பட வேண்டும். வலியறிதல் என்பதற்குப் பழைய பொருளும் புதிய பொருளும் இங்குச் சேர்ந்தே பொருந்துகின்றன. நோயாளியின் வன்மையை அறியும் மருத்துவம் அவருடைய நோவையும் அறிந்ததாதல் வேண்டும்.